மணிக்கூண்டில் 14 பேர்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ அனுப்பிய பணம் வந்தது, சீட்டுக்குக் கட்டிவிட்டேன்.

போன வாரம் மளிகை வாங்கப் போனபோது நம் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டை நின்று படித்தேன். இங்கிலீஷில் கொஞ்சம்தான். இந்த ஊரிலிருந்து 1914-19 பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். பேர் இல்லை. எந்தப் பட்டாளம், எந்த மண்ணில் விழுந்தார்கள், ஒன்றும் இல்லை. மூட்டை வண்டிக்காரன் "பெரியவரே, ஓரம்!" என்று கத்திக்கொண்டே இருந்தான். அவனுக்கு யாவாரம்.

உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தப் போரில் நம் பட்டாளம் அதிகம் போனது பிரான்சுக்கு இல்லை. நீ வேலை பார்க்கிற இராக்குக்குத்தான், அப்போது மெசபடோமியா. கப்பலில் போய் இறங்கியதே உன் பஸ்ராவில்தான். சிப்பாய்க்கு மாசம் 11 ரூபாய். இங்கிலாந்து ராஜாவுக்காகப் போனார்கள் என்று கல் வைத்தவன் நினைத்திருப்பான். கடனை அடைக்க, தங்கச்சியைக் கட்டிக்கொடுக்கத்தான் பாதிப் பேர் போயிருப்பார்கள் என்பேன் நான். நீ போகவில்லையா?

அங்கேயும் ஒரு நினைவிடம் இருக்கிறது. கல்லறை தெரியாமல் போன 40,500 பேருக்கு மேல் அதில் சேர்த்தி. முதலில் ஆற்றோரம் துறைமுகத்தில் இருந்தது. 1997-ல் சதாம் உசேன் உத்தரவில் பெயர்த்து, நாசிரியா போகிற ரோட்டில் 32 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் பேர் வெட்டியிருக்கிறது. நம்மவர்களில் அதிகாரிக்கு மட்டும் பேர். சிப்பாய் என்றால் பட்டாளத்தின் பேரைப் போட்டு இத்தனை பேர் என்று ஒரு எண், அவ்வளவுதான். 2021-ல் இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்து!

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? ஜூலை 10 வந்தால் மக்கானில் இருக்கிற நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறார்கள். 1806-ல் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்து எழுந்த சிப்பாய்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் மணிக்கூண்டு ஆட்கள் வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்கள்தானே என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற கம்மவான்பேட்டையில் போய் இப்படிப் பேசிப் பார்க்கட்டும்.

அந்த நாசிரியா ரோட்டில் கம்பெனி வண்டி போனால் இறங்கி, மதராஸ் பட்டாளங்கள் பக்கம் என்ன எண் போட்டிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தனியாகப் போகாதே, அம்மாவிடம் இதைச் சொல்லவும் சொல்லாதே. அவளுக்கு அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது.

இப்படிக்கு,
அப்பா