உங்கள் கடலுக்கு வருவது எங்கள் வயல் உரம்

அன்புள்ள மீனா,

பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். லூசியானாவில் கோடையானால் கரையோரம் இறால் இல்லை, டீசலைக் கொட்டி வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது என்று படகுக்காரர்கள் புலம்புவதாக எழுதியிருந்தாய். அது பெருமளவுக்கு நான் இருக்கும் ஐயோவா போன்ற இடங்களிலிருந்து வரும் வினை.

இங்கே மக்காச்சோள வயல்களின் அடியில் எங்கும் வடிகால் குழாய்தான். ஒரு காலத்தில் தண்ணீர் தேங்கி நின்ற புல்வெளி. அதை வடிக்க முதலில் சுட்ட மண் குழாய், பிறகு பிளாஸ்டிக் என்று பதித்துக்கொண்டே வந்தார்கள். பயிர் வேர்விடுவதற்கு முன்பே வசந்தகால மழை அடித்தால், உரத்தின் நைட்ரேட் மண்ணில் தங்காமல் குழாய்க்குள் இறங்கி ஓடைக்குப் போய்விடும். டி மொயின் நகரத்தில் குடிநீரிலிருந்து நைட்ரேட்டைப் பிரிக்கவே தனி ஆலை இருக்கிறது, 2025 ஜூனில் அதுவும் திணறி, வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட்டார்கள். நாங்களாவது பிரித்துவிட்டுக் குடிக்கிறோம். ஆற்றில் போவதெல்லாம் மிசிசிப்பி வழியாக உங்கள் பக்கம் வருகிறது.

கடலில் ஆற்றுநீர் கனம் குறைவு என்பதால் உப்புநீரின்மேல் மூடி போட்டதுபோல் பரவுகிறது. உரம் தின்ற நுண்பாசி பெருகி, செத்து, அடியில் விழுந்து அழுகும்போது அங்கிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், மேலே இருப்பது கீழே கலக்காது. நீந்தத் தெரிந்தது தப்பிக்கும், தரையோடு கிடக்கும் புழுவும் சிப்பியும் என்ன செய்யும்? நான்சி ரபலே என்ற கடல் ஆய்வாளரின் குழு தொடங்கி, 1985 முதல் அநேகமாக ஒவ்வொரு கோடையிலும் கப்பலில் போய், ஆக்சிஜன் தீர்ந்த இந்தப் பரப்பை அளக்கிறார்கள். 2017-இல் 22,700 சதுர கிலோமீட்டர்! அதை 5,000-க்குள் கொண்டுவர 2015 வரை கெடு வைத்தார்கள். முடியாமல் 2035-க்குத் தள்ளிவிட்டார்கள். உரம் ஓடுவதைக் குறைக்க விருப்பப்பட்டவர் செய்யலாம் என்று விட்டால் இப்படித்தான் ஆகும் என்பது என் கட்சி.

கடல் மீளாது என்று மட்டும் நினைக்காதே. கருங்கடலின் வடமேற்குப் பகுதி எழுபது, எண்பதுகளில் இதே கதி. சோவியத் சரிந்ததும் அங்கே கலக்கும் டான்யூப் ஆற்றின் கரை நாடுகளில் உரம் வாங்கக் காசில்லாமல் போக, சில வருஷங்களில் ஆக்சிஜன் இல்லாத பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதற்காக விவசாயி நொடித்துப்போக வேண்டும் என்று யார் சொல்வார்? நைட்ரேட் ஓடிவிடாமல் இருக்க, அறுவடைக்குப் பிறகு ரை என்ற தானியத்தை விதைத்து மண்ணை மூடலாம், குழாய் வாயில் சதுப்புக் குட்டை வெட்டலாம், இங்கே சிலர் செய்கிறார்கள்.

அப்புறம், அந்தப் படகுக்காரர்களிடம் எந்த மாதம் இறால் விலகத் தொடங்குகிறது, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று கேட்டு எழுது. இலையுதிர்காலத்தில் எங்கள் கவுண்டியில் விவசாயிகள் கூட்டம் இருக்கிறது, அங்கே வாசித்துக் காட்டப்போகிறேன்.

அன்புடன்,
சாந்தி