திட்ட அறிக்கையில் இடமில்லாத செலவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் தொழில்முனைவோர் குறித்துத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகளில் கடன், மானியம், பயிற்சி ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெறுகின்றன. இவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் பிணையம் ஏதுமின்றி 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம். சிறுதொழில்களை அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆயினும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தொழிலில் இறங்க நினைக்கும் பெண்ணுக்கு, பகல் முழுவதும் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விதான் பணத்துக்கும் முன்னால் வந்து நிற்கிறது. எந்த விண்ணப்பப் படிவமும் அதைக் கேட்பதாகத் தெரியவில்லை.

ஈரோட்டுக்கு அருகில், பச்சிளங் குழந்தைகளுக்கான பருத்தி உடைகளைத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். என் மூத்த மகள் யுகேஜி படிக்கிறாள். இளையவனுக்கு இன்னும் மழலை மாறவில்லை. என்னோடு வேலை செய்யும் பெண்கள் அனைவருமே சிறு பிள்ளைகளின் தாய்மார்கள். அவர்களில் சிலர் திருமணத்துக்கு முன் திருப்பூர் கம்பெனிகளில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிக் கைதேர்ந்தவர்கள். விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறி இருட்டிய பின் வீடு திரும்பும் அந்த வேலைக்குப் பிள்ளை பிறந்த பிறகு அவர்களால் போக முடியவில்லை. எனவே எங்கள் கூடத்தின் வேலை நேரத்தைப் பள்ளி நேரத்தை ஒட்டியே வைத்திருக்கிறோம். காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வருகிறார்கள். பள்ளி வேன் தெருமுனைக்கு வருவதற்குள் மிஷினை நிறுத்திவிட்டுக் கிளம்புகிறார்கள். தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் கணக்கு என்பதால் நேரம் குறைந்தால் கூலியும் குறையும் என்பதை அறிந்தே அவர்கள் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கென்று கூடத்தின் பின்பக்கத்தில் தனி அறை ஒன்றை ஒதுக்கி, இரண்டு தூளிகள் கட்டி, அதே தெருவில் வசிக்கும் அம்மாள் ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்தியிருக்கிறோம். ‘வீட்டிலிருந்தபடியே, குழந்தையைக் கவனித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்’ என்று விளம்பரம் செய்பவர்கள் ஒரு நாளாவது தவழும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு பவர் மிஷினில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெல்ட் சுழல்வதைக் கண்டால் அதற்குள் கையை விடத் துடிக்கிற வயது அது. உடைந்த ஊசிமுனை தரையில் கிடந்தால் நம் கண்ணில் படுவதற்கு முன்பே பிள்ளையின் கண்ணில் பட்டுவிடும். கத்தரிக்கோலும், காய்ந்து கொண்டிருக்கும் இஸ்திரிப் பெட்டியும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். குடும்பத்துக்கு இசைவான தொழில் என்றால் பிள்ளையும் வேலையும் ஒரே அறையில் கிடப்பது என்று பொருள்கொள்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பிள்ளையின் அழுகுரல் எட்டும் தொலைவில் தாயும், அழுகையை முதலில் கவனிக்க இன்னொருவரும் இருப்பதே எங்கள் அனுபவத்தில் இசைவான ஏற்பாடு.

இதற்கு ஆகும் செலவுதான் என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது. வங்கிக் கடனுக்காகத் தயாரித்த திட்ட அறிக்கையில் மிஷின், வாடகை முன்பணம், துணி, நூல், லாஸ்டிக், மின்கட்டணம், தையல் கூலி என்று எழுதி வந்த வரிசையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன். சரிபார்த்த அலுவலர், இது சொந்தச் செலவு, தொழில் செலவில் வராது என்று சொல்லி அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டார். மிஷினுக்கு எண்ணெய் விடும் செலவு, தொழிலின் அன்றாடச் செலவுகளுக்கான நடைமுறை மூலதனத்தில் சேரும்போது, அந்த மிஷினில் ஆள் வந்து உட்காருவதற்கே காரணமான செலவு எப்படிச் சொந்தச் செலவாகும் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. (அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கையிலிருந்த படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.)

சட்டம் இதை அறியாதது அல்ல. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் கூடங்களுக்கும் சொந்தத் தொழில் செய்யும் தாய்மார்களுக்கும் அதில் இடமில்லை. எங்களைப் போன்றோர் மீதும் அந்தக் கட்டாயத்தைச் சுமத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுமத்தினால் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ளவே பலர் தயங்குவார்கள். ஆனால் கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தை உருவாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மிக எளிய ஒரு வழியைக் காட்டியது. வேலைத்தலத்துக்குப் பெண்கள் அழைத்து வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அப்பெண்களில் ஒருவரை அவர்களைக் கவனிக்க நியமித்து அவருக்கும் கூலி வழங்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. ஏரி தூர்வாரும் இடத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது கூலிக்குரிய வேலை என்றால், தையல் கூடத்திலும் அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது அங்கன்வாடி. அங்கே பிள்ளைகளுக்குச் சத்துணவும் முன்பருவக் கல்வியும் கிடைக்கின்றன. ஆனால் தாய்மார்களின் வேலை முடிவதற்கு முன்பே பிள்ளைகளை அழைத்து வந்துவிட வேண்டியிருக்கிறது. மத்திய அரசு 2022 முதல் ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களுக்கு வழிசெய்துள்ளது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் கவனித்துக்கொள்வது அதன் ஏற்பாடு. தாய் எந்த வேலையில் இருக்கிறார் என்ற நிபந்தனையும் அதில் இல்லை. விசைத்தறியும் தையல் கூடங்களும் தெருவுக்குத் தெரு நிறைந்திருக்கும் ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் மாவட்டங்களில் இத்தகைய காப்பகங்களை முன்னுரிமை கொடுத்துத் திறக்க அரசு முன்வர வேண்டும். திட்ட அறிக்கையில் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் நடைமுறை மூலதனமாக ஏற்கும்படி வங்கிகளுக்கு அறிவுறுத்துவதற்கோ பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

பாட்டி, தாத்தா இருக்கும்போது காப்பகம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் பகுதியில் மாமியார்களும் தறிக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்களே. பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் உடல் தளர்ந்தவர்கள். ஓடும் பிள்ளையின் பின்னால் அவர்களால் ஓட முடியாது. பிள்ளை தூங்கும் வேளையில் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாததால், திங்கட்கிழமை இரவில் தொடங்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு நானே போய் விலை பேச முடியாமல், இடைத்தரகர் சொல்லும் விலைக்குச் சரக்கைக் கொடுக்க நேர்வது தனிக்கதை.

எங்கள் கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அங்கன்வாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அது மாலை வரை திறந்திருக்குமானால், அங்கே அமர்த்தப்படும் காப்பாளரின் ஊதியத்தில் ஒரு பங்கைக் கொடுக்க நானும், அக்கம்பக்கத்தில் கூடம் நடத்தும் பெண்களும் தயாராக இருக்கிறோம் என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சமூக நலத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இப்படிக்கு,
சிறுதொழில் நடத்தும் வாசகி,
ஈரோடு மாவட்டம்.