சில்லில் இருக்கிறது, டீபக்கரில் இல்லை: ரிஸ்க்-ஃபைவ் சில்லு வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் சில்லு வடிவமைக்கும் குழுக்களுக்கு,

வணக்கம். உங்கள் சில்லுகளுக்கு ஃபர்ம்வேர் (சில்லை நேரடியாக இயக்கும் மென்பொருள்) எழுதிப் பிழைக்கிறவன் நான். கேட்க வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ப்ராசஸரில் நீங்களாகச் சேர்க்கிற ஒவ்வொரு ரெஜிஸ்டரும் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற சின்ன நினைவிடம்), போர்டு எங்கள் கைக்கு வருகிற அன்றே டீபக்கரில், அதாவது நாங்கள் பிழை தேடும் கருவியில், பெயரோடு தெரிய வேண்டும்.

ஒரு போர்டோடு நான் பட்டதைச் சொல்கிறேன் (எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை). போர்டு பூட் ஆகும்போது பத்து தடவைக்கு ஒரு தடவை ட்ராப்பில் (பிழை வந்ததும் ப்ராசஸர் வழக்கமான ஓட்டத்தை விட்டுத் தாவுவது) போய் விழும். ஜிடிபி என்ற டீபக்கரில் பார்த்தால், ட்ராப்பின் காரணத்தைச் சொல்லும் எம்காஸ் ரெஜிஸ்டரில் 7, அதாவது எழுதப் போன இடத்தில் அணுகல் பிழை. சரி, எந்த முகவரி? அதைச் சொல்ல வேண்டிய எம்டிவால் பூஜ்யம். ட்ராப் எந்தக் கட்டளையில் வந்தது என்று சொல்லும் எம்இபிசி காட்டிய இடத்தில் இருந்ததோ ஒரு சாதாரணக் கூட்டல், அது நினைவகத்தைத் தொடுவதே இல்லை. பிழை பஸ்ஸிலிருந்து (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பாதை) தாமதமாகத் திரும்பி வந்திருக்கிறது, அதற்குள் ப்ராசஸர் நாலு கட்டளை தாண்டிவிட்டது. உண்மையான முகவரியைப் பிடித்துவைக்க ஒரு தனி ரெஜிஸ்டரை அந்த வடிவமைப்பாளர்கள் வைத்திருந்தார்கள், நல்ல யோசனைதான். ஆனால் டீபக்கருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அது மெமரியில் இருக்கிற ரெஜிஸ்டராக இருந்தால் முகவரியைக் கொடுத்துப் படித்திருப்பேன். ஆனால் இது சிஎஸ்ஆர், அதாவது ப்ராசஸரின் கட்டுப்பாட்டையும் நிலையையும் வைத்திருக்கும் ரெஜிஸ்டர், அது அப்படியில்லையே. அதன் எண் கட்டளைக்குள்ளேயே 12 பிட்டாகப் பதிந்திருக்கிறது, மொத்தம் 4096 எண்கள், படிக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை வேண்டும், எண்ணை ஒரு மாறியில் போட்டு லூப்பில் ஓட்டவும் முடியாது. அதனால் ட்ராப் வந்தால் ஓடுகிற நிரலான ட்ராப் ஹேண்ட்லருக்குள் ஒரு வரி அசெம்பிளி சேர்த்து, மறுபடி ஃப்ளாஷ் செய்து ஓட்டினேன். பிழையே வரவில்லை! சேர்த்த வரியால் நேரம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வரியை எடுத்தால் பிழை திரும்ப வருகிறது. இப்படியே இரண்டு இரவு போனது.

அப்புறம் கையேட்டின் பின்னிணைப்பில் அந்த ரெஜிஸ்டரின் எண் கிடைத்தது: ஹெக்ஸில் 7சி0, டெசிமலில் 1984. ஜிடிபிக்கும் போர்டுக்கும் நடுவில் நிற்கிற ஓபன்ஓசிடி என்ற டீபக் சர்வரின் கான்ஃபிக்கில் இந்த எண்ணை வெளிக்காட்டச் சொல்லி ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஃபர்ம்வேரில் ஒரு பைட்கூட மாறாமல், ஜேடேக் என்ற டீபக் இணைப்பின் வழியாகவே அது படித்துக் கொடுத்துவிட்டது. வந்தது ஒரு டைமரின் முகவரி. அதற்கு க்ளாக் திறப்பதற்கு முன்பே எங்கள் கோட் அதில் எழுதப் போயிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் சரிசெய்தேன்.

அந்த ஒரு வரி போர்டோடு வந்திருக்க வேண்டியது என்பதுதான் என் ஆதங்கம். அதிலும் வெறும் எண்ணாக வந்தால் போதாது. 1984 என்று திரையில் பார்த்தால் யாருக்கு என்ன புரியும்?

இதற்கான வழி ஜிடிபியில் பல வருடங்களாகவே இருக்கிறது. இணைப்பு கிடைத்ததும் இலக்கின் விவரத்தை ஜிடிபி கேட்கிறது, எதிரில் இருக்கிற டீபக் சர்வர் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை அனுப்புகிறது, அதில் ரெஜிஸ்டரின் பெயர், அகலம், வகை எல்லாம் இருக்கும். எந்த பிட்டுக்கு என்ன பெயர் என்றுகூட எழுதலாம், ஜிடிபி பிரித்துக் காட்டும். உங்கள் சொந்த ரெஜிஸ்டர்களை உங்கள் பெயரில் ஒரு தனிப் பகுதியாக அதில் போட்டால் போதும், தனக்குத் தெரியாத பகுதியில் இருக்கிற ரெஜிஸ்டர்களையும் ஜிடிபி பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஜிடிபியின் மூல நிரலைத் தொடவே வேண்டாம்.

அதனால் தயவுசெய்து, பழைய ஜிடிபி ஒன்றை எடுத்து அதற்குள் உங்கள் ரெஜிஸ்டர் பெயர்களைத் திணித்து பைனரியாகத் தராதீர்கள். அடுத்த கம்பைலர் பதிப்பு வந்ததும் அந்த பைனரிக்குப் புதிய டீபக் தகவல் புரியாமல் போகிறது, நாங்கள் ஒரே மேசையில் இரண்டு டீபக்கரை மாற்றி மாற்றித் திறக்கிறோம்.

இன்னொன்றும் முக்கியம். படித்தாலே அழிந்துவிடுகிற ரெஜிஸ்டர் எது என்று எங்களுக்குச் சொல்லுங்கள். எல்லா ரெஜிஸ்டரையும் காட்டு என்று ஒருவர் அறியாமல் தட்டினால் பிழைத் தடயமே போய்விடும். அப்படிப்பட்டதை மொத்தப் பட்டியலில் சேர்க்காமல், கையேட்டில் அதன் எண்ணுக்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் எச்சரியுங்கள்.

இதைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. சென்னை ஐஐடியில் 2014-இல் தொடங்கிய சக்தி ஒரு ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்தான். இங்கே இன்று கல்லூரி மாணவர்கள் எஃப்பிஜிஏவில் (உள் சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சில்லு) தங்களுடைய சொந்தக் கோர் ஏற்றிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான், ஆர்டிஎல்லில் (சில்லின் வடிவமைப்பு நிரல்) ஒரு சிஎஸ்ஆர் சேர்க்கிற அன்றே எக்ஸ்எம்எல்லிலும் அதற்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பிறகு வரவே வராது.

அந்த போர்டுக்கு நானே ஒரு கோப்பு எழுதி வைத்திருக்கிறேன். பதினொரு ரெஜிஸ்டர் இருக்கிறது. எட்டுக்கு பிட் பெயர்கள் போட்டுவிட்டேன். மீதி மூன்றுக்குக் கையேட்டில் எண் மட்டும்தான் இருக்கிறது, அவற்றை வடிவமைத்தவர்கள் சொன்னால்தான் நிரப்ப முடியும்.