அக்காவின் பெயரால் உங்களுக்கு நன்றி

அன்புள்ள வாசகர்களுக்கும் உடன் பணிபுரிந்தவர்களுக்கும் வணக்கம்.

மறைந்த எங்கள் நூலகர் அக்காவின் நினைவாகக் கிளை நூலகத்தில், தகவல் கேட்டு மனு எழுத மக்களுக்கு உதவத் தொடங்கிய மனு மேசைக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எதையும் பூட்டி வைக்க அவர் விடமாட்டார். அரசிதழ்கள் பீரோவுக்குள் கிடந்த காலம் அது. அவர் வந்ததும் அவற்றைச் சணல் போட்டுத் தைத்து, நாளிதழ் மேசைக்குப் பக்கத்திலேயே அடுக்கினார். வீணாகிவிடுமே என்று தயங்கியவர்களிடம், "கிழிஞ்சா ஒட்டிக்கலாம்" என்பார். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிற மக்களின் இடம் இது என்பார். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தை அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்.

2005-இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்ததும், தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிற பிரிவு 6(2)-ஐப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பொதுமக்களுக்காக நூலகமோ வாசிப்பறையோ நடத்தும் அலுவலகம் அதன் வேலை நேரத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4-இல் ஒரு வரி இருக்கிறது. "சட்டத்துல நாமும் இருக்கோம் பாரு" என்று அதைக் காட்டியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் எழுதப் போக, அக்கா தடுத்தார். "காரணம் கேட்டா கதை சொல்லுவாங்க. கோப்புல இருக்கிறதைக் கேளு." கோப்பு யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, இவ்வளவுதான் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நிதானமாகப் படித்துக் காட்டி, அப்புறம்தான் கைநாட்டு வாங்கினார். சட்டம் சொல்லும் முப்பது நாள் கெடுவுக்குள் பதில் வந்தது. ஒரு கையெழுத்துக்காகத்தான் கோப்பு காத்துக் கிடந்திருக்கிறது. பணம் மறுபடி வரத் தொடங்கியது.

அந்த வேலை அவரோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்களைப் படிக்கச் சொல்லித் தரும் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஐயாவுக்கும், மனு நகல்களுக்குக் காசு வாங்க மறுக்கும் ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், பதிவுத் தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் மனுவோடு சேர்த்துக் கோர்த்து வைக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், நாற்காலிகள் வாங்கித் தந்த வாசகர் வட்டத்துக்கும் மனமார்ந்த நன்றி.

அக்காவின் குடும்பத்தாருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அவர் கைப்பட எழுதிய மாதிரி மனு நோட்டை எங்களிடமே தந்துவிட்டார்கள். மேசையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை தவிர மற்ற வேலை நாட்களில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், நகலும் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
கிளை நூலகர்