சத்தி சம்பங்கியும் சென்ட்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநிலைக்கேற்ற சென்ட் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். எல்லாம் வெளிநாட்டுப் பாட்டில்கள். சத்தி என்கிற எங்கள் சத்தியமங்கலத்தைச் சுற்றி விளையும் மல்லிகையையும் சம்பங்கியையும் சென்ட் தயாரிக்கவும் வாங்குகிறார்கள். அதைப் பற்றி ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு எனக்கு வெட்டிவேர் அத்தர்தான், தலை கனக்காது. மனசு சரியில்லாத நாளில் மணிக்கட்டில் துளி சந்தனம். கல்யாணத்துக்கு மல்லிகை. சம்பங்கி மாலை நேரத்துக்கு மட்டும். சித்திரை வெயிலில் அதைப் பூசிக்கொண்டு டவுன் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் பாவம்!

அப்புறம், கடையில் சென்ட் அடித்துக் காட்டும் காகிதப் பட்டையை முகர்ந்ததுமே காசை நீட்டக் கூடாது. முதலில் எழும் எலுமிச்சை, ஆரஞ்சு வாசம் சீக்கிரம் பறந்துவிடும். கையில் தடவி, கடைவீதியை ஒரு சுற்று சுற்றி வந்து முகர்ந்தால்தான் அடியில் இருப்பது சந்தனமா, கஸ்தூரியா என்று தெரியும். எண்ணெயில் இறக்கிய அத்தரில் ஆல்கஹால் இல்லை. மெதுவாகத்தான் பரவும், ஆனால் நின்று மணக்கும்.

அடுத்த கட்டுரைக்கு நிருபரை சத்தி பூ மார்க்கெட்டுக்கு அனுப்புங்களேன். விடியற்காலையிலேயே போகச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, ஈரோடு