ஜெராக்ஸ் கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பற்றிய என் ப்ராஜெக்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இடையில் அது 'மொழி சரியில்லை' என்று திரும்பி வந்தது இதைப் படிக்கிற பெரும்பாலானோருக்குத் தெரியும், அதை மறுபடி கிளற மனசில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், காரைக்குடி கல்லூரிச் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா. பெயரைப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பேரைப் போட்டா அம்புட்டுப் பிள்ளைகளும் இங்கிட்டு வந்து நிக்கும், நான் எப்பப்பா டைப் அடிக்கிறது?" என்றார். சரி, போடவில்லை.

திரும்பி வந்த கட்டோடு அவரிடம் நான் போனது எழுத்துக்காக அல்ல, மார்ஜினுக்காக. இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விடாவிட்டால் பைண்டிங்கில் எழுத்து உள்ளே போய்விடும், அதைச் சரிசெய்து மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டும். அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. டைப் அடிக்க எடுத்துக்கொண்ட தாளில் ஒவ்வொரு பத்தி ஓரத்திலும் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதி வைப்பார். நடுவில் கரண்ட் போனாலும், ஆதார் நகல் எடுக்க ஆள் வந்தாலும் விட்ட இடம் தெரிய வேண்டுமே, அதற்காக. என் மூன்றாம் அத்தியாயத்துக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார். மணல். கண்ணாடி. கூலி. மணல். பர்மா. மறுபடி மணல். அப்புறம் ஒரு பத்தியில் பென்சில் நின்றுவிட்டது.

"இதுல என்ன தம்பி சொல்ற?"

சொன்னேன். விலாவாரியாகவே சொன்னேன்.

"நீ சொல்றது நல்லா இருக்கு. ஆனா அது இதுல இல்லையே."

அப்பா வேலை பார்ப்பதே ஆத்தங்குடிக் கல் பட்டறையில்தான். அக்கா அடுத்துக் கேட்டது, இந்தக் கல்லைச் செங்கல் மாதிரி சூளையில் வைத்துச் சுடுவார்களா என்று. சுடவே மாட்டார்கள் அக்கா என்று ஆரம்பித்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, கலர் சிமெண்டை அதில் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். தண்ணீரில் ஊற வைத்து எடுத்துக் காய வைப்பார்கள். கண்ணாடியில் பட்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம், அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. இவ்வளவும் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் அக்கா கட்டை என் பக்கம் தள்ளினார். "இதை எங்க எழுதிருக்க, காட்டு."

எங்கேயும் இல்லை. உலகமயமாக்கல் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து தினமும் பார்க்கிற வேலையை எழுதிக் காட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அதோடு விட்டிருக்கலாம், அவருக்கு ஆயிரம் வேலை. வீணான பிரிண்ட் தாள்களின் பின்பக்கத்தில் அந்தச் சொற்களை எல்லாம் பெரிதாக எழுதி, பேப்பர் கட்டரில் துண்டு துண்டாக நறுக்கி, கவுண்டர் கண்ணாடியின் மேல் பரப்பினார். மூன்று மணலையும் ஒன்றாகச் சேர்த்தார். செட்டியார்கள் போய்ச் சம்பாதித்த பர்மாவைத் தூக்கி முன்னால் வைத்தார். "பணம் வந்தாத்தானே வீடு, வீடு வந்தாத்தானே தரை?" பக்கத்தில் வருமானச் சான்று நகலோடு நின்ற பெரியவர்கூட ஒரு துண்டை நகர்த்தி வைத்தார், அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஒரு சொல்லில் பேர் சொல்ல முடியாத பத்திகளைத் தனியாக ஒதுக்கச் சொன்னார். கடைசியில், "கல்லு செய்யிறதை எங்கிட்டச் சொன்ன மாதிரியே போன்ல பேசி வச்சுக்க. அதைக் கேட்டுக் கேட்டு இங்கிலீசுல எழுது" என்றார். அப்படித்தான் எழுதினேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்தப் பகுதியில்தான்.

பிறகு தேடிப் பார்த்தபோது, இதே வேலையை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முறையாகவே சொல்லித் தருவது தெரிந்தது. பர்டூ பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சி மையம் 1990களிலிருந்து பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டு வருகிறது. முதல் வரைவு முடிந்த பிறகு பத்திக்கு ஒரு வரி எழுதி, எது எங்கே இருக்க வேண்டும் என்று பார்க்கும் இந்த முறையும் அதில் இருக்கிறது. அக்கா பிளஸ் டூ வரை படித்தவர். எத்தனையோ பேருடைய ஆய்வேடுகளை டைப் அடித்தே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பள்ளியிலிருந்து கல்லூரி வரை நோட்ஸ் எழுதிப் போடுகிறார்கள், நாம் எழுதிக்கொள்கிறோம். கடைசி செமஸ்டரில் திடீரென்று சொந்தமாக ஒரு முழு ப்ராஜெக்ட் எழுது என்கிறார்கள். ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது என்று நடுவில் ஒரு பீரியட் கிடையாது. தாள் திரும்பி வரும்போது மட்டும் சிவப்பு மையில் 'மொழி சரியில்லை'. எங்கே சரியில்லை, எப்படிச் சரிசெய்வது என்பதற்கு ஒரு வரியும் இருக்காது.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் திருட்டு பற்றி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட 2018 விதிமுறையை உட்கார வைத்து விளக்கிய நூலக அண்ணனுக்கு நன்றி. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, மேற்கோளாக முறைப்படி காட்டியதும் துணைநூல் பட்டியலும் கணக்கில் வராது என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது. தாளை இரண்டாகக் கோடு போட்டு வலது பக்கம் குறிப்பு, இடது பக்கம் கேள்வி என்று எழுதக் கற்றுக்கொடுத்த சீனியர் அக்காவுக்கு நன்றி. கார்னெல் முறை என்பார்களே, அதுதான். நோட்டை மூடி வைத்துவிட்டு ராத்திரியெல்லாம் என்னைக் கேள்வி கேட்டே கொன்ற ரூம்மேட், திரும்பத் திரும்பப் படிப்பதைவிட அதுதான் நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கானாடுகாத்தானில் வீட்டு முற்றமான வளவைத் திறந்து விட்டு, தரையைப் படம் எடுத்து முடிக்கும் வரை காத்திருந்து, பணியாரமும் கொடுத்தனுப்பிய ஆச்சிக்கும், அப்பாவோடு வேலை பார்க்கும் எல்லா அண்ணன்களுக்கும், நான் கேட்ட நேரமெல்லாம் போனை எடுத்த கைடு சாருக்கும் நன்றி.

அக்கா, கல்லோட கலர் படங்களுக்கு நீங்கள் வாங்க மறுத்த காசை அம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவிடம் உங்கள் பேச்சு எடுபடாது.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா கடைக்குப் போய் அவரைப் படுத்த வேண்டாம். வேலை கிடைத்து வெளியூர் போகும் வரை சனிக்கிழமை மதியம் நான் கல்லூரி வாசல் டீக்கடையில் இருப்பேன். எந்த டிபார்ட்மெண்டாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிய வரைக்கும் கொண்டு வாருங்கள், பாதியில் நின்று போனது என்றால் இன்னும் நல்லது. பிரிண்ட் எடுத்து வாருங்கள், போன் திரையில் காட்டினால் ஓரத்தில் எழுத முடியாது.