'ஆவிக்குரிய சரீரம்' ஆவியுருவம் அல்ல

ஆசிரியருக்கு,

ஈஸ்டர் சிறப்புப் பக்கத்தில் இயேசு 'ஆவி வடிவில்' எழுந்தார் என்று அச்சாகியிருந்தது. கிறிஸ்தவ நம்பிக்கை அதுவல்ல. லூக்கா நற்செய்தி 24-ஆம் அதிகாரத்தில் சீடர்களும் முதலில் ஆவி என்றுதான் மிரண்டார்கள். ஆவிக்குச் சதையும் எலும்பும் கிடையாது என்று சொல்லி, பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் கண்ணெதிரே உண்டார் அவர். (பழைய மொழிபெயர்ப்பில் கூடவே வரும் தேன்கூடு, மிகத் தொன்மையான கையெழுத்துப் படிகளில் இல்லை.)

குழப்பத்துக்குக் காரணம், பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 15:44. அங்கே சாகும் 'ஜென்ம சரீரம்', உயிர்த்தெழும் 'ஆவிக்குரிய சரீரம்' என இரண்டு வருகின்றன. கிரேக்க மூலத்தில் 'சைக்கிகோன்', 'நியூமாட்டிகோன்'. 'இகோஸ்' (இங்கே 'இகோன்') என்று முடியும் பெயரடை, ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. எதனால் இயங்குகிறது, எதைச் சார்ந்தது என்பதையே சொல்லும். காற்றாலை காற்றால் கட்டியதல்லவே! அப்படித்தான் 'ஆவிக்குரிய சரீரம்' ஆவியால் ஆனதல்ல, ஆவியால் இயங்கும் உடல். பவுலின் உவமையும் விதைதான்: மண்ணுக்குள் போவது வெறும் கோதுமை மணி, மேலே வருவது பயிர். அதே உயிர்தான், உருவம் வேறு.

தகனம் செய்தால் உயிர்த்தெழ முடியாது என்று அதே பக்கத்தில் வந்த வரியும் தவறு. கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே தகனத்தை அனுமதித்துவிட்டது. அதன் 2016 அறிவுறுத்தல் தடுத்தது, சாம்பலைக் காற்றிலோ கடலிலோ தூவுவதை.

வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை